பை கழுத்தை விட்டு இறங்கக் கூடாது

என்னை எல்லோரும் லாக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் சௌக்கியமாக இருக்கிறது. லாக்கர் என்று பெயர் வைத்தவன் என் அண்ணன். அவனுடைய கூட்டாளிகள் ஐந்து பேரும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஐவரில் இருப்பதிலேயே பெரிய ஆளுக்கு பீரோ என்று பெயர். பீரோவுக்குள்தானே லாக்கர் இருக்கும் என்று பதினோரு வருஷமாக ஒரே ஜோக்கைச் சொல்லி, பதினோரு வருஷமாக அவனே சிரித்துக்கொண்டிருக்கிறான்.

நாங்கள் ஏழு பேரும் ஒரு குழுவின் கச்சேரிக்குத் தவறாமல் போகிறவர்கள். கச்சேரி என்றதும் சம்மணம் போட்டு உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவதை நினைக்க வேண்டாம். ரெண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ், தொண்டை கிழியக் கத்தும் ஒரு பாடகன். பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது மேடைக்கு முன்னால் கூட்டம் தானாக விலகி ஒரு வட்டம் உண்டாகும். ஆட்கள் அதற்குள் ஓடிப்போய் ஒருவர் மேல் ஒருவர் தோளால் மோதுவார்கள், தள்ளுவார்கள், சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். தெரியாதவர்கள் பார்த்தால் போலீஸைக் கூப்பிடுவார்கள். ஆனால் அடிதடி இல்லை, அதுதான் ஆட்டம். உலகம் மாஷ் பிட் என்கிறது. நாங்கள் சுருக்கமாகக் குழி என்போம்.

நாங்கள் என்று சொல்லிவிட்டேன். நான் அந்தக் குழியில் ஒரு தடவைகூட இறங்கியதில்லை. பத்தொன்பது கச்சேரிக்குப் போயிருக்கிறேன். பத்தொன்பதிலும் இடது பக்கம் இரண்டாவது தூணில் சாய்ந்து, கழுத்தில் பையோடு நின்றிருக்கிறேன்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அண்ணன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். ஸ்பானர் போட்டு வைக்கிற கான்வாஸ் பை ஒன்று பழசானதும் அதைக் கச்சேரிக்கென்று ஒதுக்கினான். குழிக்குள் போகிறவன் பாக்கெட்டில் எதையும் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே ஆறு பேருடைய போனும் அதில் இருக்கும். சாவிக்கொத்துகள் இருக்கும். பீரோவின் மூக்குக்கண்ணாடி, ஒருத்தனின் கல்யாண மோதிரம், இன்னொருத்தனின் கழற்றி மாட்டும் முன்பல் ஒரு சின்ன டப்பாவில். அண்ணனுக்கு வீசிங் உண்டு என்பதால் அவனுடைய இன்ஹேலர். இவ்வளவும் போன பிறகு என் போனுக்கு இடமிருக்காது. அது என் கால்சட்டைப் பாக்கெட்டில் கிடக்கும்.

மூன்றாவது கச்சேரியில் பையைத் தூணடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். அந்த அரை நிமிஷத்தில் யாரோ மிதித்து ஒரு போன் நொறுங்கிப் போயிற்று. அன்றைக்கே அண்ணன் சட்டம் போட்டான். பை கழுத்தை விட்டு இறங்கக் கூடாது. ஒரு கழுத்திலிருந்து இன்னொரு கழுத்துக்கு வேண்டுமானால் மாறலாம், தரையைத் தொடக் கூடாது, பையோடு குழிக்குள்ளும் போகக் கூடாது. ஆறு பேரும் கையடித்துச் சத்தியம் செய்தார்கள். அந்த இன்னொரு கழுத்து எட்டு வருஷம் ஆகியும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

குழிக்குள்ளிருந்து எவனாவது திடீரென்று என் பக்கம் திரும்பிப் பார்ப்பான். மோதிரத்தைக் கழற்றினோமா இல்லையா என்கிற பதற்றம். நான் உள்ளங்கையால் பையை ரெண்டு தட்டு தட்டிக் காட்டுவேன். பத்திரமா இருக்கு, நீ ஆடு என்று அர்த்தம். அவன் முகம் அப்படியே மலர்ந்துபோகும், திரும்பிப் பாய்ந்து யார் மேலாவது விழுவான். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு எப்படி வயிறெரியும் என்று அவர்களில் ஒருத்தனுக்கும் தெரியாது.

பெண்கள் உள்ளே வரக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன், சுலபம். சுவரோரமாக வரிசையாகப் பெண்கள் நிற்பார்கள். ஒருத்தி கையில் ரெண்டு ஜாக்கெட், ஒருத்தி கையில் ஹெல்மெட், ஒருத்தி தோளில் மூன்று பை. எல்லோரும் டிக்கெட் எடுத்து உள்ளே வந்த, சாமான் மாட்டுகிற ஆணிகள். நான் ஆறேழு தடவை கேட்டிருக்கிறேன். "அடுத்த தடவை பாக்கலாம்" என்பான் அண்ணன். எங்கள் வீட்டில் பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம்.

என் வேலை தெரிந்தால் இதிலிருக்கிற கூத்து இன்னும் நன்றாகப் புரியும். நான் ஒரு மருத்துவமனையில் எலும்பு முறிவு வார்டில் உதவியாளர். ஒரே வார்த்தையில் சொன்னால், தூக்குவது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிவறைக்கு, தரையில் விழுந்தவரைத் தரையிலிருந்து மறுபடி கட்டிலுக்கு. தொண்ணூறு கிலோ மனுஷர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "விட்றாதீங்கம்மா, விட்றாதீங்க" என்று கெஞ்சுவார். அவர் எடை மொத்தமும் என் இடுப்பில் இறங்கும். நான் ஒருத்தரையும் விட்டதில்லை. ஆக, திங்கள் முதல் சனி வரை நான் பலசாலி. ஞாயிற்றுக்கிழமை கச்சேரி மண்டபத்தில் மட்டும் கைதவறினால் உடைந்துவிடுகிற கண்ணாடிச் சாமான்.

இப்படியே இருபது, முப்பது என்று போயிருக்கும். ஆனால் குழு கலைகிறது என்று அறிவிப்பு வந்தது. டிரம்ஸ் அடிப்பவரின் தோள்பட்டை இன்னும் ஒரே ஒரு கச்சேரிக்குத்தான் தாங்குமாம், அவர் இல்லாமல் வாசிக்க மாட்டார்களாம். கடைசி கச்சேரி, ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. வழக்கமான அதே மண்டபம்தான். முன்பு அச்சகத்தின் கிடங்காக இருந்த இடம். சுற்றிலும் வீடுகள் என்பதால் பொழுது சாய்வதற்குள் சத்தத்தை முடித்துவிட வேண்டும்.

அறிவிப்பைப் படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்தப் பாட்டுகளில் எனக்கு ஒவ்வொரு அடியும் தெரியும். எந்த இடத்தில் டிரம்ஸ் நிற்கும், எந்த இடத்தில் குழி வெடிக்கும், எல்லாம். இந்த ஞாயிற்றுக்கிழமை இறங்கவில்லை என்றால் இனி இறங்குவதற்குக் குழியே இல்லை.

நான் அண்ணன் வீட்டில் மாடி அறையில் இருக்கிறேன். சாப்பாடு எல்லோருக்கும் கீழே. மறுநாள் காலை தட்டில் கை வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"இந்த தடவ நான் உள்ள போறேன்."

"எங்க உள்ள?" என்றாள் அண்ணி.

"குழிக்குள்ள."

அண்ணி சிரித்துவிட்டாள். "கூட்டத்துல இடிபடணும்னா காலைல எட்டு மணி பஸ் போதாதா? இதுக்குன்னு டிக்கெட் எடுத்துப் போய் இடிபடணுமா?"

அண்ணன் சிரிக்கவில்லை. "அதெல்லாம் சரிப்படாது."

"ஏன்?"

"எலும்பு கிலும்பு முறிஞ்சா?"

"எலும்பு முறிவு வார்டுலதான் வேலை பாக்குறேன். நேரா போய் அங்கயே படுத்துக்குறேன். எந்தக் கட்டில் சத்தம் போடாதுன்னு எனக்குத் தெரியும்."

"விளையாடாத. எவனாவது கை வெச்சா?"

"இப்ப அண்ணி சொன்னாங்களே எட்டு மணி பஸ்ஸு, அதுல தினம் வெக்கிறானுங்க. அதுக்கு யாரும் என்னத் தூணோரமா நிக்கச் சொல்லலயே. எந்த மணிக்கட்ட எந்தப் பக்கம் திருப்பினா எவன் கத்துவான்னு எனக்கு அத்துப்படி. குழியில ஒருத்தன் வாலாட்டினா அவன் என்கிட்டதான் பத்திரமா இருந்துக்கணும்."

அண்ணன் இன்னொரு வாய் எடுத்துச் சாப்பிட்டான். அவன் கெட்டவன் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் வேலையைப் போட்டுவிட்டு வருகிறவன். தட்டைப் பார்த்துக்கொண்டே உண்மையைச் சொன்னான்.

"நீ உள்ள இருந்தா நான் எப்படி ஆடுறது? உன்னையே பாத்துக்கிட்டுல்ல நிக்கணும்."

"பத்தொம்பது தடவ நான் உன்னையே பாத்துக்கிட்டுதான் நின்னேன்."

அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் தண்ணீரை எடுத்துக் குடித்தான். கடைசியில் அவன் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு கேள்வி.

"அப்ப பைய யாரு பிடிக்கிறது?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. என் எலும்பு இல்லை, என் மானம் இல்லை, கடைசியில் விஷயம் ஒரு ஸ்பானர் பை. "பாக்கலாம்" என்று அண்ணன் எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஷூ லேஸை இரட்டை முடிச்சாகப் போட்டேன். பழைய ஷூதான், குதிகால் கொஞ்சம் தளர்ந்தது. அண்ணி கதவருகே நின்று என் தலைமுடியைப் பார்த்தாள். "கொண்டையா சுருட்டிக் கட்டு. பின்னல் போட்டா எவனாவது பிடிச்சு இழுத்துருவான்" என்றாள். போகாதே என்று சொல்லாத முதல் ஆள் அவள்தான்.

மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. ஆறு பேரும் வழக்கம்போல என் முன்னால் வரிசையில் நின்றார்கள். போன், போன், சாவி, மோதிரம், பல் டப்பா. பீரோ கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "பீரோவோட லாக்கர் ரெடி" என்றான், சிரித்தான். அண்ணன் பையைத் தூக்கி என் கழுத்தில் மாட்டினான். அவன் கை கொஞ்சம் தயங்கியது, ஆனால் மாட்டினான். நான் அந்த நேரத்திலேயே கத்தியிருக்க வேண்டும். பதினோரு வருஷப் பழக்கம், கழுத்து தானாகக் குனிந்துகொடுத்தது. அதற்காக என் மேலேயே எனக்கு அசாத்தியக் கோபம்.

பாடகன் மேடைக்கு வந்து எப்போதும் சொல்வதைச் சொன்னான். "விழுந்தா தூக்கு! பொருள் கிடைச்சா மேல தூக்கிக் காட்டு! கை நீட்டுறவன் வெளிய போ!" கூட்டம் கத்தியது. முதல் அடி விழுந்தது, குழி திறந்தது.

நான் தூணில் சாய்ந்து ஒவ்வொரு பாட்டாக எண்ணினேன். மொத்தம் பன்னிரண்டு பாட்டு. மூன்று போயிற்று. அண்ணன் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான், வா என்று கையசைப்பான் என்று காத்திருந்தேன். திரும்பிப் பார்த்தான், பையைப் பார்த்தான். நான் ரெண்டு தட்டு தட்டிக் காட்டினேன். ஐந்து போயிற்று. ஏழு போயிற்று. எதிர்ச் சுவரில் ரெண்டு ஜாக்கெட்டோடு நின்ற பெண் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். எட்டாவது பாட்டும் முடிந்தது. மீதி நாலே பாட்டு.

அப்போது அண்ணன் மூச்சிரைக்கக் குழியிலிருந்து வெளியே வந்தான். கை நீட்டினான். நான் இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன். வாயில் வைத்து அழுத்தி உள்ளே இழுத்தான். இழுத்த பிறகு பத்து எண்ணும் வரை மூச்சை அடக்கி வைத்திருக்க வேண்டும். அதற்குள் வாயைத் திறந்தால் மருந்து வீண். பக்கத்து ஆஸ்துமா வார்டில் உதவிக்கு ஆள் குறைவான நாட்களில் நான் எத்தனையோ பேருக்கு நின்று எண்ணியிருக்கிறேன். அண்ணனும் அதில் கறாரானவன். கண்ணை மூடி, ஒரு விரலை உயர்த்தி, எண்ணச் சொன்னான்.

என் அண்ணன் பத்து விநாடி பேச முடியாமல் நிற்கிறான். இந்த வாய்ப்பு எனக்குப் பிறந்ததிலிருந்து கிடைத்ததில்லை.

"ஒண்ணு" என்றேன். பையைக் கழற்றினேன். "ரெண்டு." அவன் தலைவழியாகப் போட்டேன். "மூணு." அவன் கண்ணைத் திறந்தான். "நாலு. வாயத் தொறக்காத, மருந்து வீணாயிரும். அஞ்சு. கழுத்துலேர்ந்து கழுத்துக்கு மாறலாம், நீ போட்ட சட்டம். ஆறு. தரையில வெக்கக் கூடாது. அதும் நீ போட்டதுதான். ஏழு. பையோட குழிக்குள்ள வரக் கூடாது. எட்டு. பல்லு இருக்கு, மோதிரம் இருக்கு, பத்திரம். ஒம்பது. எனக்கு இன்னும் நாலே பாட்டுதான் இருக்குண்ணா." அவன் முகம் சிவந்திருந்தது, ஆனால் மூச்சு சீராகிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டேன். "பத்து. விடு."

அவன் மூச்சை விட்டான். பேச வாயெடுத்தான். நான் அங்கே இல்லை.

கூட்டத்தை முழங்கையால் விலக்கிக் குழியின் விளிம்புக்கு வந்தேன். ஒன்பதாவது பாட்டின் கிட்டார் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே ஓடினேன். ஏதாவது மேலே வந்து மோதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஒன்றும் மோதவில்லை. கண்ணைத் திறந்தால், என்னைச் சுற்றி ரெண்டு கை அகலத்துக்குக் காலி இடம். "அக்கா இருக்காங்க, பாத்து, பாத்து" என்று ஒருவனுக்கு ஒருவன் சொல்லிக்கொள்கிறான். ஆம்புலன்ஸுக்கு வழி விடுகிற மாதிரி விலகுகிறார்கள். நான் வலது பக்கம் போனால் காலி இடமும் வலது பக்கம் வருகிறது. தூணோரம் நின்றபோதுகூட இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

பீரோ என்னைக் கண்டுபிடித்துவிட்டான். கண்ணாடி இல்லாமல் கண்ணை இடுக்கிப் பார்த்தான். "லாக்கரா? நீ எங்க இங்க? பை எங்க?"

"கழுத்துல இருக்கு!"

"உன் கழுத்துல இல்லையே!"

"என் கழுத்துலதான் இருக்கணுமா?"

அவனுக்குப் புரியவில்லை. அதற்குள், என்னைப் பார்க்காத ஒல்லிப் பையன் ஒருவன் பின்னோக்கிப் பறந்து வந்து என் மேல் மோதினான். முதல் மோதல்! ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு கை அவன் முதுகுக்குப் போயிற்று, இன்னொரு கை முழங்கைக்கு அடியில் போயிற்று, கால் அகன்று நின்றது. அவனைப் பாந்தமாகப் பிடித்து நிமிர்த்தினேன். "மெதுவா, மெதுவா. தலை சுத்துதா?" என்று கேட்டும்விட்டேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, விடுங்க. நான் விழல. ஆடுறேன்."

விட்டேன். அடுத்தவன் வந்தான், அவனையும் பிடித்துவிட்டேன். அதற்கடுத்தவனையும். ஒரு பாட்டு முழுக்க யார் சாய்ந்தாலும் கை தானாகப் போய்த் தாங்கியது. வார்டில் கையில் ஊறிப்போன வேலை, மூளையைக் கேட்காமலே நடந்தது. குழியில் என் பக்கம் மட்டும் ஒருவர்கூட விழவில்லை. மோதிக்கொள்ள வந்தவர்கள் வரிசையாக நிமிர்ந்து, "தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாஷ் பிட்டில் நன்றி சொல்ல வைத்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பீரோவுக்கு ஒரே சந்தோஷம். "டேய், சூப்பர்டா! லாக்கர், நீ இந்த ஓரத்துலயே நில்லு! விழுறவனப் பிடி! நீ இருந்தா எவனுக்கும் அடிபடாது!" என்று கூவினான். மனதாரப் பாராட்டினான், அதுதான் கொடுமை. பை பிடிப்பதிலிருந்து ஆள் பிடிப்பதற்குப் பதவி உயர்வு. மறுபடியும் ஓரம். மறுபடியும் என் கையில் மற்றவன் சாமான்.

பத்தாவது பாட்டும் முடிந்திருந்தது. மீதி ரெண்டு.

"நான் பிடிக்க வரல!" என்று கத்தினேன். கிட்டார் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. காதில் கையை வைத்துக்கொண்டு, "என்ன?" என்றான்.

சொன்னால் கேட்காது என்று தெரிந்துவிட்டது. ரெண்டு கையையும் மடக்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன், அவை போய் யாரையும் தாங்கிவிடாதபடி. நாலடி பின்னால் போனேன். பெரிய ஆளை நகர்த்த வேண்டுமென்றால் நெஞ்சில் தள்ளக் கூடாது, மலை மாதிரி நிற்பான். இடுப்புக்குச் சற்று மேலே, பக்கவாட்டில், நம் எடை கீழேயிருந்து மேலே ஏற வேண்டும். டிரம்ஸ் நின்றது. எனக்குத் தெரியும் அந்த இடம், சரியாக ஒரு மூச்சு நேரம் நிற்கும். மறுபடி அடி விழுந்த கணத்தில் ஓடிப்போய் என் தோளை பீரோவின் விலாவில் இறக்கினேன்.

பீரோ நகர்ந்தான். நகர்ந்தான் என்பது அடக்கமாகச் சொன்னது. மூன்றடி போய் ரெண்டு பேர் மேல் விழுந்து, அவர்கள் இன்னும் நாலு பேர் மேல் விழுந்து, அந்தப் பக்கமே சரிந்தது.

"எவன்டா அது?" என்று தடுமாறி எழுந்தான்.

"நான்தான்!"

கண்ணை இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். சுற்றி நின்றவர்கள் என்ன ஆகுமோ என்று பார்த்தார்கள். அவன் விலாவைத் தடவிக்கொண்டான். பிறகு அவன் முகம், நான் தூணிலிருந்து பதினோரு வருஷம் பார்த்துப் பொறாமைப்பட்ட அந்த முகம், மெல்ல மலர்ந்தது.

"அடிப்பாவி" என்றான். "வா!"

ஓடி வந்து மோதினான். நான் பறந்தேன். யார் மேலோ விழுந்தேன், அவன் என்னைத் தள்ளினான், இன்னொருத்தன் மேல் போனேன், அவனை நான் தள்ளினேன். "அக்கா இருக்காங்க" என்று இப்போது யாரும் சொல்லவில்லை. அந்தக் காலி இடம் எப்போது மூடிக்கொண்டது என்று எனக்குத் தெரியாது. ஒல்லிப் பையன் வந்து தோளால் இடித்துவிட்டு, "இப்ப சரிக்கா!" என்று கத்திக்கொண்டு ஓடினான். வியர்வை நாற்றம், யாரோ கொட்டிய தண்ணீர், என் காதுக்குள் டிரம்ஸ். என் எடை என் கையில் இல்லை. யார் யாரோ அதை வாங்கிக்கொண்டு, திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சிரித்துக்கொண்டே அழுதேனா, அழுதுகொண்டே சிரித்தேனா, எதுவானாலும் குரல் பெரிதாக வந்தது.

ஒரு சுற்றில் எதிர்ச் சுவர்ப் பக்கம் பார்த்தேன். ரெண்டு ஜாக்கெட் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சுற்றில் பார்த்தால் அவள் அங்கே இல்லை. ஒரு ஆள் மட்டும் தலைமேல் ஜாக்கெட் விழுந்து, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றான். அவள் எனக்குப் பின்னாலிருந்து வந்து என் முதுகில் மோதினாள்.

"இதான் கடைசி!" என்றான் பாடகன். அவன் குரல் உடைந்தது. பன்னிரண்டாவது பாட்டு.

குழி முழுவதும் ஒரே பக்கமாகச் சுற்றி ஓடத் தொடங்கியது. நானும் ஓடினேன். மூன்றாவது சுற்றில் பின்னால் வந்தவன் என் குதிகாலை மிதித்துவிட்டான். ஷூ கழன்று எங்கோ போயிற்று. நான் குப்புற விழுந்தேன்.

சிமெண்டுத் தரை ஈரமாக, சில்லென்று இருந்தது. சுற்றிலும் கால்கள், கால்கள். எத்தனையோ பேரைத் தரையிலிருந்து தூக்கியிருக்கிறேன், தரையிலிருந்து மேலே பார்த்ததில்லை. ஒரு நொடி பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். அண்ணன் சொன்னது சரியோ என்று அந்த ஒரு நொடியில் தோன்றியது.

அடுத்த நொடி கைகள் வந்தன. ஒருத்தன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான், ஒருத்தி சட்டைக் காலரைப் பிடித்தாள், ஒரு கை அக்குளில், ஒரு கை பெல்ட்டில். ஒன்றுகூட முறையான பிடி இல்லை. வார்டில் ஒரு நோயாளியை அப்படித் தூக்கினால் தலைமை நர்ஸ் என்னைத் தொலைத்துவிடுவார். தூக்குவதற்கு முன் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று நானும் எண்ணவில்லை, யாரும் எண்ணவில்லை, ஆனால் காலில் நின்றுகொண்டிருந்தேன். பெரியவளான பிறகு என்னை யாரும் தூக்கியதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பீரோ என் முகத்துக்கு அருகே குனிந்தான். "அடிபட்டுச்சா?"

"இல்ல!"

"அப்புறம் ஏன் நிக்கிற?"

குழியின் அந்தப் பக்கத்தில் என் ஷூ மேலே எழுந்தது. யாரோ ஒருவன் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான், பாடகன் சொல்லிவைத்த மாதிரியே. "யாருது? யாருது?" நான் கையை உயர்த்தினேன். பீரோ என்னைப் பார்த்தான், ஷூவைப் பார்த்தான், பிறகு தூணைக் காட்டி, "அங்க கொடு!" என்று கத்தினான்.

ஷூ கைமாறிக் கைமாறித் தலைகளுக்கு மேலாகப் போயிற்று. இடது பக்கம், இரண்டாவது தூண். அண்ணன் கழுத்தில் பையோடு, அசையாமல், நான் நிற்கிற அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றானோ. ஷூ அவன் கைக்கு வந்தது. அதைத் திருப்பிப் பார்த்தான். ஜிப்பைத் திறந்தான். போன்களையும் பல் டப்பாவையும் ஒதுக்கி இடம் பண்ணி, ஷூவை உள்ளே வைத்து மூடினான்.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். போதும் வா என்று கூப்பிடப் போகிறான் என்று நினைத்தேன். ஒற்றைக் காலில் ஷூவோடு, மூச்சிரைக்க, வர மாட்டேன் என்று சொல்லத் தயாராக நின்றேன்.

அண்ணன் உள்ளங்கையை எடுத்துப் பையை ரெண்டு தட்டு தட்டினான்.

நான் திரும்பி ஓடினேன்.